அரை நிமிஷம் முந்திய கோல்

"கோ...ல்" என்று டீக்கடைப் பக்கமிருந்து எழுந்த சத்தத்தில் பிளாக் சுவர்களே ஒரு தடவை அதிர்ந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே கண்ணாடி கிளாஸ் ஒன்று விழுந்து உடைந்தது தனியாகக் கேட்டது.

எழில்மொழி கையில் பிடித்த மைக்கோடு அப்படியே நின்றாள். அவளுக்கு முன்னாலிருந்த திரையில் கோலுமில்லை, கூச்சலுமில்லை. பந்து மைதானத்தின் நடுவில் எவன் காலிலோ சாவகாசமாக உருண்டுகொண்டிருந்தது.

"பூட்ச்சி," என்றான் நிதிஷ், ஃபோனையும் ப்ரொஜெக்டரையும் பார்த்துக்கொண்டிருந்தவன். "பெருசுங்க மறுபடி கெடுத்துட்டாங்க. இனிமே இன்னாத்த பாக்கறது."

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே கிடந்த காலி இடம் அது. யாருடைய கல்யாண ஃப்ளெக்ஸையோ திருப்பிக் கட்டி, அதன் வெள்ளை முதுகைத் திரையாக்கியிருந்தார்கள். காற்று வீசும்போது மாப்பிள்ளையின் மீசை பின்னாலிருந்து லேசாக எட்டிப் பார்க்கும். தோஹாவில் நடக்கிற கிளப் கோப்பை இறுதி ஆட்டம், நிதிஷின் ஃபோன் செயலி வழியே வந்து அந்தத் திரையில் விழுவதற்குள் அரை நிமிஷம் பழசாகிவிடும். காலி இடத்தின் கோடியில், தெருவை ஒட்டி இருக்கிற துரையின் டீக்கடையில் டிஷ் டிவி. அங்கே எல்லாமே முந்தி நடந்து முடிந்துவிடும்.

கட்சியும் இரண்டுதான். டீக்கடைக்காரர்கள் பிரேசிலின் சாவோ லூக்காஸுக்கு உயிரைக் கொடுப்பவர்கள். சின்ன வயசில் மஞ்சள் சட்டையைப் பார்த்து மயங்கியவர்கள், ஐம்பதைத் தாண்டியும் தெளியவில்லை. திரைக்கு முன்னால் குந்தியிருக்கிற பையன்களோ இங்கிலாந்தின் நார்த்போர்ட் கட்சி. பர்மா பஜாரில் வாங்கிய நீலச் சட்டை, முதுகில் வாயில் நுழையாத ஒரு பேர். ஒரே வீட்டில் ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அப்பன் அந்தப் பக்கமும் மகன் இந்தப் பக்கமுமாகப் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

வழக்கமாக இப்படிக் கோல் முந்திக்கொண்டு வந்தால் எழில்மொழிக்குச் சிரிப்புதான் வரும். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் மகிமா. ஆட்டங்களைக் காட்டுகிற ஒரு செயலி நிறுவனத்தில் தமிழ் வர்ணனைக்குப் பொறுப்பு. நிதிஷ் ஃபோனில் பிடித்துப் போட்ட ஒரு துண்டு வீடியோவில் எழில்மொழியின் குரலைக் கேட்டுவிட்டு, நேரில் கேட்கிறேன் என்று கிளம்பி வந்திருந்தாள். பிடித்திருந்தால் அடுத்த வாரமே ஸ்டூடியோ. எழில்மொழியின் சட்டைக் காலரில் பொட்டு போல ஒரு மைக்கைக் குத்தி, ஒரு வார்த்தை விடாமல் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

எழில்மொழிக்கு வேலை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், எடைமேடையில். வரிசையில் நிற்கிற லாரிகளை மைக்கில் பேர் சொல்லி, நம்பர் சொல்லிக் கூப்பிட்டு, ஸ்டியரிங்கை ஒடிக்க வைத்து, ரிவர்ஸ் எடுக்க வைத்து, மேடையில் ஏற்றி இறக்குவாள். காது அடைக்கிற சாமான் சத்தத்தை வெட்டிக்கொண்டு போகும் அந்தக் குரல். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்தபோது, "இந்த வாயை வச்சுக்கிட்டு மேடை ஏறாதே, சிரிப்பாங்க" என்று ஒரு டீச்சர் அவள் பேரை அடித்துவிட்டார். அதே வாயை வைத்துக்கொண்டு ஊருக்கே ஆட்டம் சொல்ல வேண்டும் என்பது அன்றிலிருந்து அவளுக்கு இருக்கிற வெறி. அதற்கு வந்த ஒரே வாய்ப்பு இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

மகிமா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இப்போது என்ன செய்யப் போகிறாய் என்பது போல.

எழில்மொழி மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"அல்லாரும் கேட்டுக்கோங்க. டீக்கடையில லோடு எறங்கிடுச்சாம். நம்ம லாரி இன்னும் வந்துகினு கீது. எந்த ரூட்ல வருது, எவன் ஓட்டினு வரான், அது அந்த பெருசுங்களுக்கே தெரியாது, டீ உறிஞ்சினு இருந்திருப்பாங்க. நாம பாக்கலாம். தோ, டிப்பரு கிட்ட பந்து பூட்ச்சி."

டிப்பர் என்பது சாவோ லூக்காஸின் முன்கள ஆட்டக்காரன். தோஹாவில் அவனுக்கு வேறு பேர். வியாசர்பாடியில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. அவனை மறிக்க வருகிற நார்த்போர்ட் நெட்டையனுக்குப் பேர் கிரேன்.

"லெப்ட்ல ஓரங்கட்டுறான். இது இல்ல ரூட்டு. ஒடிக்கிறான், ரைட்ல ஒடிக்கிறான், கிரேன் குறுக்க வந்து நிக்கிது, இத்தாம் பெரிய கிரேன நிக்க வெச்சி டபாய்ச்சிட்டான். டேய் கேட்ட மூடுங்கடா. மூடல. உள்ள வுட்டான். லோடு எறங்கிடுச்சிபா."

பந்து வலையில் அடித்தது. கோல் வரப் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் கடைசி நொடியில் கூட்டம் மொத்தமும் முட்டி போட்டு எழுந்தது. எதிர்க் கட்சிக்கு விழுந்த கோலுக்கு ஒரு பையன் தன்னை மறந்து கைதட்டிவிட்டு, பக்கத்திலிருந்தவனிடம் தலையில் குட்டு வாங்கினான்.

மகிமா சிரித்துக்கொண்டே ஃபோனில் எதையோ தட்டினாள். எழில்மொழிக்கு மூச்சு வந்தது.

அதன் பிறகு அவள் ஒரு காதைத் திரைக்கும் ஒரு காதை டீக்கடைக்கும் கொடுத்தாள். பழகின காது. அங்கே "ச்சே" என்றால் வெளியே போன பந்து. "டேய் டேய்" என்றால் பிரேசில்காரனை எவனோ தள்ளிவிட்டான். ஒட்டுமொத்தமாக அடங்கி, அப்புறம் ஒரே ஒரு கெட்ட வார்த்தை கேட்டால் நார்த்போர்ட் கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கெட்ட வார்த்தை துரையின் கட்டைக் குரலில் வந்தது. பையன்கள் துள்ளி எழுந்து, என்ன நடக்கப் போகிறதென்று தெரியாமலே ஆட ஆரம்பித்தார்கள்.

"குந்துங்கடா, இன்னும் வர்ல," என்று மைக்கில் அதட்டினாள் எழில்மொழி. "ஷேர் ஆட்டோ கெளம்புது பாரு. நிக்கிறான், ஏத்துறான், ரெண்டு பேர எறக்கி வுட்டுட்டு மறுபடி கெளம்பறான்." ஷேர் ஆட்டோ என்பது நார்த்போர்ட்டின் ஓரத்து ஆட்டக்காரன், நின்று நின்று ஓடுகிறவன். அவன் அடித்தான். ஒன்றுக்கு ஒன்று.

இடைவேளையில் மகிமா அவளைத் தனியாக அழைத்துப் போனாள்.

"நல்லா பண்றீங்க எழில். எனர்ஜி சூப்பர். ஒரே ஒரு விஷயம். மும்பை ஆஃபீஸ்ல இன்னும் கொஞ்சம் லோக்கலா கேக்கறாங்க."

எழில்மொழிக்கு விளங்கவில்லை. "இதுக்கு மேல லோக்கலா எங்கக்கா போறது? தோ, எங்க வூடே அந்த பிளாக்லதான் கீது."

"இல்ல, அதாவது, 'மாஸ் காட்டிட்டான் மச்சி', 'தெறிக்க விட்டான் ப்ரோ', அந்த மாதிரி. சென்னைன்னு கேட்ட உடனே தெரியணும்."

இரண்டாவது பாதி தொடங்கியதும் எழில்மொழி அதையும் செய்து பார்த்தாள். கிரேன் ஒரு பந்தைத் தலையால் முட்டித் தள்ளியபோது, "தெறிக்க விட்டான் ப்ரோ" என்றாள். கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னாமே ஆச்சி உனுக்கு," என்று பின்னாலிருந்து ஒரு அம்மா கேட்டாள். "செல்போன் கம்பெனிக்காரன் பேசறாப்ல பேசற."

சுற்றிலும் சிரிப்பு. மகிமாவின் முகத்திலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. எழில்மொழி அந்த வார்த்தைகளை அங்கேயே விட்டுவிட்டு மறுபடி லாரி ஓட்டப் போனாள்.

ஆட்டம் முடிய பத்து நிமிஷம்கூட இல்லை. அப்போதுதான் தெருப்பக்கம் அந்தச் சத்தம். முதல் கோலுக்கு எழுந்ததைவிடப் பெரிய சத்தம். ஆணும் பெண்ணுமாக, விசிலோடு.

"வந்துகினு கீது," என்று எழில்மொழி கத்தினாள். "பெரிய லோடு. இன்னிக்கி பாத்ததுலயே பெரிய லோடு. டிப்பரு வாங்கிட்டான். கேட்டு தொறந்து கீது, கண்ண மூடாத, கண்ண மூடாதபா, இவன்தான் எறக்கப் போறான். உள்ள வரான், வரான்."

டிப்பர் வந்தான். பந்தை உருட்டினான். காலிடறி விழுந்தான். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. அரை நிமிஷம் கடந்தது. ஒரு நிமிஷமும் கடந்தது. திரையில் கோல் எதுவும் வரவில்லை.

பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெருவில் குடிதண்ணீர் லாரி நின்றிருந்தது. காலையிலிருந்து வராத லாரி. குடத்தைத் தூக்கிக்கொண்டு பாதி பிளாக் ஓடிக்கொண்டிருந்தது.

"எழிலு சொன்ன லோடு வந்துட்ச்சிடா," என்று ஒருத்தன் சொல்ல, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டீக்கடைப் பக்கமிருந்து துரையின் குரல் காலி இடத்தைத் தாண்டி வந்தது. "ம்மே எழிலு, அந்த லாரிக்கி நம்பர் போட்டு உள்ள வுடு, தண்ணி வீணாப் போவுது."

எழில்மொழிக்குக் காது மடல் சுட்டது. துரைக்கு அவள் மைக் பிடிப்பதே ஆகாது. ஒரு காலத்தில் துறைமுக அணிக்குக் கால்பந்து ஆடிய மனுஷன். "லாரிய கூப்பிடற மாதிரி பந்த கூப்பிடுது, ஆட்டத்துக்கு இன்னா மரியாத" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்றுக்கு ஒன்றிலேயே நேரம் முடிந்து, கூடுதல் நேரம் என்று அறிவித்தார்கள். அந்தச் சிறு இடைவெளியில் மகிமா தானே எழுந்து வந்தாள். இந்தத் தடவை சிரிப்பில்லை.

"எழில், வெளிப்படையாச் சொல்லட்டுமா?"

"சொல்லுக்கா."

"டீக்கடையில கத்தினா உங்க குரல் சூடாகுது. அங்க கத்தலன்னா நீங்களும் காத்துக்கிட்டிருக்கீங்க. இங்க அது சூப்பரா வேலை செய்யுது. ஆனா செயலியில கேக்கறவன் பக்கத்துல டீக்கடை கிடையாதே?"

எழில்மொழியின் கண் டீக்கடைப் பக்கம் போனது.

"இன்னொண்ணு. இங்க உக்காந்திருக்கறவங்க உங்க ஆளுங்க. நீங்க என்ன சொன்னாலும் கேப்பாங்க. மேல இருக்கறவங்க என்கிட்ட கேக்கப் போறது ஒரே கேள்விதான். நல்ல படம், தெளிவான தமிழ், எல்லாம் பக்கத்து சேனல்ல கிடைக்கும்போது, அதை விட்டுட்டு எவனாவது இந்தக் குரலுக்காக வருவானா? அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நீயே சொல்லுக்கா, வருவானா?"

"எனக்குத் தெரியல," என்றாள் மகிமா. பொய் சொல்லாத முகம். அதுதான் எழில்மொழியை இன்னும் பயமுறுத்தியது.

கூடுதல் நேரம் தொடங்கியது. டீக்கடைப் பக்கம் போகக் கூடாது என்று காதுக்குக் கண்டிப்பாகச் சொன்னாள் எழில்மொழி. காது கேட்டால்தானே. முதல் சில நிமிஷங்கள் இரண்டு "ச்சே", ஒரு "டேய்". அதற்குப் பிறகு என்ன ஆனதென்று தெரியவில்லை, அந்தப் பக்கமே ஊமையாகிப் போனது. துரையின் கட்டைக் குரல்கூட இல்லை. கரண்ட் போயிருக்குமோ என்றால், திரை எரிகிறதே.

கைத்தடியைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. அடுத்து என்ன வரும் என்று எந்தத் துப்பும் இல்லை. கோல் வருமா, வராதா, யார் விழுவான், யார் எழுவான், திரையில் வந்தால்தான் உண்டு. வேறு வழியில்லாமல் அவள் பந்தை மட்டும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, எடைமேடையில் மழை நாளில் ஐம்பது லாரி முட்டிக்கொண்டு நிற்கும்போது வருகிற அந்த வேகம் தானாக வந்தது. அங்கே மட்டும் யார் முன்கூட்டிச் சொல்கிறார்கள், எந்த லாரி எந்தப் பக்கம் சறுக்கும் என்று?

"செக்போஸ்ட்டு முன்னாடி வந்துட்டான், உள்ள போடா, உள்ள போ, ஷேர் ஆட்டோ பாத்துட்டான், தூக்கி வுடறான், தலைக்கி மேல போவுது, போவுது, கம்பி. கம்பியில பட்டு வெளிய வந்துட்ச்சி. என் வவுறு ஒரு நிமிஷம் கீழ எறங்கிட்டு மேல வருதுபா."

செக்போஸ்ட், பிரேசில் அணியின் கோல்கீப்பர். அவன் தலையில் கை வைத்தபோது கூட்டத்தில் பாதிப் பேர் தலையில் கை வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் கூட்டம் கூடிவிட்டது போல எழில்மொழிக்குத் தோன்றியது. தண்ணீர் பிடித்தவர்கள் திரும்பி வந்திருப்பார்கள். திரும்பிப் பார்க்க நேரமில்லை.

கோலே விழவில்லை. பெனால்டி.

குடத்தோடு நின்ற பெண்கள் குடத்தைக் கீழே வைத்தார்கள். நிதிஷ் ஃபோனில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நகத்தைக் கடித்தான். எழில்மொழி நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் மகிமாவைப் பார்த்தாள். மகிமா திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியில் முழுசாகத் திரும்பி, பின்பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, கிளம்ப வழி பார்க்கிறாள் என்று எழில்மொழி நினைத்தாள். மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோனாள். போகிறவள் போகட்டும், ஆட்டத்தைப் பாதியில் விட முடியாது.

டிப்பர் அடித்தான், உள்ளே. கிரேன் அடித்தான், உள்ளே. ஒவ்வொரு அடிக்கும் அவள் குரல் ஏறி, நின்று, இறங்கியது. யாருமே தவறவில்லை. சாவோ லூக்காஸ் தன் கடைசி அடியையும் உள்ளே போட்டுவிட்டது. நார்த்போர்ட்டுக்கு இன்னும் ஒன்றுதான் பாக்கி. போட்டால் ஆட்டம் தொடரும். விட்டால் கோப்பை பிரேசிலுக்கு.

பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ நடந்து வந்தான்.

எழில்மொழி குரலைத் தாழ்த்தினாள். மைக் இல்லாவிட்டால் பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"அல்லாரும் வாய மூடு. குழந்தைய அடக்கு. ஷேர் ஆட்டோ வந்து நிக்கிறான். எந்த ஸ்டாப்புல இருந்தும் ஆள் ஏத்தல இன்னிக்கி. தனியா வரான். செக்போஸ்ட்டு ரெண்டு கையயும் விரிச்சிகினு கீறான். டேய், அவன் கண்ண பாக்காத. பாத்துட்டான். ஓடறான். நிக்கிறான், எப்பவும் போல நிக்கிறான், இந்த நேரத்துலகூட நிக்கிறான் பாரு. அடிச்சிட்டான், லெப்ட்டு, செக்போஸ்ட்டும் லெப்ட்டு. புட்ச்சிட்டான். புட்ச்சிட்டான்பா. கேட்டு மூடியாச்சி, லாரி வெளியவே நின்னு பூட்ச்சி."

நீலச் சட்டைப் பையன்கள் கல்லாகிப் போனார்கள். நியாயமாக அந்த இடம் அமைதியாகியிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு நேர் பின்னால், முதுகில் அறைந்தது போல ஒரு கூச்சல் வெடித்தது. அது டீக்கடைத் திசையிலிருந்து வரவில்லை, அரை நிமிஷம் முந்தியும் வரவில்லை. அவள் சொல்லி வாய் மூடிய அதே நொடியில், அவள் காதுக்குப் பக்கத்திலேயே வந்தது.

எழில்மொழி திரும்பினாள்.

பையன்களுக்குப் பின்னால், நெருக்கியடித்துக்கொண்டு, டீக்கடைக் கூட்டம் மொத்தமும் நின்றிருந்தது. கையில் பாதி டீயோடு ஒருத்தர், பையனின் தோளில் ஏறாத குறையாக இன்னொருத்தர். எல்லாருக்கும் நடுவில் துரை, தோளில் போட்ட துண்டை இரண்டு கையாலும் பிடித்து வானத்தில் சுழற்றிக்கொண்டிருந்தார். தோற்றுப்போன பையன்களைப் பிடித்து உலுக்கி முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் அவர்களுடைய அப்பன்மார்கள்.

மகிமா நாற்காலியை விட்டு எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகத் துரையிடம் போனாள். கையிலிருந்த ஃபோன் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சார், உங்க கடையில பெரிய டிவி இருக்கு. படம் தெளிவா இருக்கும், அரை நிமிஷம் முன்னாடியே எல்லாம் தெரியும். அதை விட்டுட்டு இங்க எதுக்கு வந்தீங்க?"

துரை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். எழில்மொழியை ஒரு பார்வை பார்த்தார். கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் கோபம்.

"அத எக்ஸ்ட்ரா டைம்லயே அணைச்சிட்டேன்மா. இவ சொல்லலன்னா பந்து உள்ள போனாகூட போன மாதிரியே தெரில."